இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

நோஷிரோ–வார்ஷாவ்ஸ்கி தேற்றத்தை நான் முதலில் கேட்டது மலாய் மொழியில், ஜொகூரில், ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். 1990களின் தொடக்கம் அது. பல்கலைக்கழகம் 1980களில்தான் கோலாலம்பூரிலிருந்து எங்கள் பக்கம் வந்திருந்தது. விரிவுரையாளர் பலகையில் ஒரு நீள்வட்டம் வரைந்தார். உள்ளே இரண்டு புள்ளிகள் வைத்தார். இரண்டையும் ஒரு கோடு போட்டு இணைத்தார். அடியில் ஒரே ஒரு வரி எழுதினார். நிரூபணம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அதைவிட்டு நகர முடியவில்லை.

அதன் பிறகு எத்தனையோ ஆண்டுகள் இடைநிலைப்பள்ளிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். பரீட்சைக்காகப் படித்த தேற்றங்கள் பல கரைந்து போய்விட்டன. அந்த ஒரு வரி மட்டும் போகவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பேன், கடைசியில் மனம் அங்கே வந்து நிற்கும்.

கேள்வி என்னவோ சின்னதுதான். கலப்பெண்களின் தளத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறோம். ஒரு பகுமுறைச் சார்பு அங்கே உள்ள ஒவ்வோர் எண்ணையும் இன்னோர் எண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புறப்படும்போது வேறுவேறாக இருந்த இரண்டு எண்கள் போய்ச் சேரும் இடத்தில் ஒன்றாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது என்றால் அது ஒன்றுக்கொன்றான சார்பு. சரி, ஆகாது என்று எதைப் பார்த்துச் சொல்வது? எண்களோ எண்ணி முடியாதவை. ஒவ்வொரு சோடியாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் ஆகாது. ஏதாவது ஒரு நிபந்தனையைச் சரிபார்த்துவிட்டு, அதிலிருந்து எல்லாச் சோடிகளுக்கும் சேர்த்து உறுதி சொல்ல வேண்டும்.

முதலில் தோன்றும் நிபந்தனை வகைக்கெழு. ஒரு புள்ளியில் வகைக்கெழு பூச்சியம் இல்லையென்றால், அந்தப் புள்ளியை ஒட்டிய சின்ன வட்டத்துக்குள் எந்த இரண்டு எண்ணும் மோதாது. பூச்சியமாகிவிட்டால் அங்கேயே மோதல் உண்டு. ஆகவே எங்கும் பூச்சியமாகாமல் இருப்பது தேவையான நிபந்தனை. அதுவே போதுமானதும்கூட என்று மாணவப் பருவத்தில் எல்லாருக்கும் தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் அடுக்குக்குறிச் சார்பு ஒன்றே அதை உடைத்துவிடுகிறது. அதன் வகைக்கெழு தளம் முழுவதிலும் எங்குமே பூச்சியம் கிடையாது. அப்படியிருந்தும் கற்பனை அச்சின் திசையில் இரண்டு பை, அதாவது சுமார் 6.28 தூரம் ஏறினால் அதே மதிப்பு திரும்ப வந்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாம் சரியாக இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் எண்ணற்ற எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன.

எங்கள் தோட்டம் கூலாய்ப் பக்கம் இருந்தது. இப்போது பால்மரமும் இல்லை, அதற்குப் பிறகு வந்த செம்பனையும் இல்லை. வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அப்பா அங்கே கங்காணி வேலை பார்த்தவர். விடியுமுன் பிரட்டு எடுப்பார்கள், பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். ஒவ்வோர் ஆளும் மரத்தைக் காயப்படுத்தாமல் ஒழுங்காக வெட்டுகிறாரா என்று பார்ப்பது அப்பாவுக்கு ஒரு வேலை. ஒரே நிரைக்குள் இரண்டு பேர் நுழைந்துவிடாமல் பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு ஆளை ஒவ்வொருவராகப் பார்த்தால் போதும். இரண்டாவது வேலைக்கு ஆட்களை இரண்டிரண்டு பேராக வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காக வெட்டுகிறார்கள் என்பதால் நிரை குழம்பவில்லை என்று ஆகிவிடாது. வகைக்கெழு செய்வது முதல் வேலை. ஒன்றுக்கொன்றாக இருப்பது இரண்டாவது வேலை. முதல் வேலையைக் கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு செய்தால் இரண்டாவதும் தானாகவே முடிந்துவிடும் என்று சொல்கிற தேற்றம் ஒன்று இருக்கிறதே, அதுதான் நான் சொல்லிக்கொண்டிருப்பது.

நிரூபணத்தை இங்கேயே சொல்லிவிடலாம். பகுதி குவிந்ததாக இருக்கட்டும். உள்ளே எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றை இணைக்கும் நேர்கோடு முழுவதும் உள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வகைக்கெழுவின் மெய்ப்பகுதி எல்லா இடத்திலும் மிகையாக இருக்கட்டும். இப்போது இரண்டு புள்ளிகளை எடுங்கள். அந்த இரண்டிலும் சார்பின் மதிப்புகளுக்குள்ள வித்தியாசம் என்ன? புள்ளிகளின் வித்தியாசத்தை, நடுவில் உள்ள கோட்டின் நெடுக வகைக்கெழுவின் சராசரியால் பெருக்கினால் வருவது. மிகையான மெய்ப்பகுதி உள்ள எண்களின் சராசரிக்கும் மெய்ப்பகுதி மிகைதான். ஆகவே சராசரி பூச்சியமாக முடியாது. புள்ளிகள் வேறானவை என்பதால் அவற்றின் வித்தியாசமும் பூச்சியம் இல்லை. பூச்சியமில்லாத இரண்டின் பெருக்கல் பூச்சியமாகாது. மதிப்புகள் வேறுவேறு. அவ்வளவே.

ஒவ்வொரு புள்ளியைப் பற்றியும் தனித்தனியாகச் சொன்ன ஒன்று, நடுவில் உள்ள கோட்டின் வழியாக எல்லாச் சோடிகளையும் பற்றிய உண்மையாக மாறிவிட்டது. கணிதத்தில் இதைவிட ஆழமான தேற்றங்கள் ஆயிரம் உண்டு. இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு அதிகமாகக் கொடுக்கும் தேற்றங்கள் குறைவு.

சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அலகு வட்டுக்குள், அதாவது பூச்சியத்தை மையமாகக் கொண்ட ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள், ஓர் எண்ணோடு அதன் வர்க்கத்தில் பாதியைக் கூட்டுங்கள். இந்தச் சார்பின் வகைக்கெழு 1-உம் அந்த எண்ணும் சேர்ந்தது. வட்டுக்குள் எந்த எண்ணின் மெய்ப்பகுதியும் -1-ஐவிடப் பெரியது என்பதால் வகைக்கெழுவின் மெய்ப்பகுதி மிகை. தேற்றம் பொருந்துகிறது, எந்த இரண்டு எண்ணும் மோதாது. வட்டு, இடது பக்கம் ஒரு கூர்முனையோடு இதய வடிவமாக விரிகிறது. இப்போது பாதிக்குப் பதில் 5/8 பங்கைக் கூட்டிப் பாருங்கள். -0.7-ஐப் போட்டால் -0.39375 வரும். -0.9-ஐப் போட்டாலும் அதே -0.39375. பாதியிலிருந்து எட்டில் ஒரு பங்கு கூடியதும் குழப்பம் வந்துவிட்டது. என் மாணவர்கள் கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்து அசந்துபோவதை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் சுல்தானா சனாரியா நூலகம் எனக்கு இரண்டாவது வீடு. அங்கேதான் பீட்டர் டியூரன் 1983இல் வெளியிட்ட ‘யூனிவேலண்ட் ஃபங்ஷன்ஸ்’ நூலைப் பார்த்தேன். முதல் வாசிப்பில் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அதில் வந்த பெயர்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. இந்த மனிதர்கள் யார், எங்கே இருந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் பிறகு பல காலம் தொடர்ந்தது.

நம் தேற்றம் 1934, 1935 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் மூன்று இடங்களில் பிறந்திருக்கிறது. கியோஷி நோஷிரோ ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவில் எழுதினார். ஸ்டீபன் வார்ஷாவ்ஸ்கி யூதர். கோட்டிங்கனில் இருந்தவர், ஹிட்லர் வந்த பிறகு ஜெர்மனியை விட்டு நெதர்லாந்தின் உத்ரெக்ட் வழியாக அமெரிக்கா போனார். 1935இல் வந்த அவருடைய கட்டுரையில் இது இருக்கிறது. பிற்காலத்தில் சான் டியேகோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். மூன்றாமவர் உத்ரெக்டிலேயே இருந்த ஜூலியஸ் வோல்ஃப். அவர் 1934இல் பாரிஸ் அறிவியல் கழக வெளியீட்டில் அரைத்தளத்துக்காக இதே முடிவைச் சொன்னார். வோல்ஃபும் யூதர். நாஜிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945 பிப்ரவரியில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார். தேற்றத்தின் பெயரில் பெரும்பாலும் மற்ற இருவர்தான் இருக்கிறார்கள். நான் வகுப்பில் சொல்லும்போது வோல்ஃபையும் சேர்த்தே சொல்வேன்.

அந்தப் போர் எங்கள் ஜொகூரையும் விடவில்லை. 1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை பின்வாங்கிச் சிங்கப்பூருக்குள் போய், ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. அடுத்து ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்கள் லோரி லோரியாகப் போனார்கள். என் அம்மாவின் அப்பா அப்படிப் போனவர். திரும்பவில்லை. எந்த இடத்தில், எந்த நோயில் என்று சொல்ல யாரும் வரவில்லை. வோல்ஃபின் இறந்த தேதியைப் புத்தகத்தில் பார்த்தபோது தாத்தா நினைவு வந்தது. ஒருவர் பேராசிரியர், ஒருவர் பால் வெட்டியவர். ஒருவருக்குத் தேதியாவது இருக்கிறது. தேற்றத்தைப் படிக்க இதெல்லாம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பலகையில் அந்தப் பெயர்களை எழுதும்போதெல்லாம் அந்த ஆண்டுகளும் கூடவே வந்து நிற்கின்றன.

இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. லூட்விக் பீபர்பாக், பெர்லினில் இருந்தவர். 1916இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார். அலகு வட்டில் ஒன்றுக்கொன்றான சார்பு. பூச்சியத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகிறது, அங்கே வகைக்கெழு 1. அதை அடுக்குத் தொடராக எழுதினால் இரண்டாம் கெழுவின் அளவு 2-ஐத் தாண்டாது, மூன்றாவது 3-ஐத் தாண்டாது, பொதுவாக ஒவ்வொரு கெழுவும் தன் வரிசை எண்ணைத் தாண்டாது என்பது ஊகம். இரண்டாம் கெழுவுக்கு அவரே நிரூபித்தார். மூன்றாம் கெழுவை 1923இல் நிரூபித்தவர் பிராகா நகரத்து யூதர் சார்ல்ஸ் லோவ்னர். 

பிறகு நடந்ததைப் படித்து எனக்கு மனம் கசந்திருக்கிறது. பீபர்பாக் நாஜிகளோடு சேர்ந்தார். கோட்டிங்கனில் யூதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவின் வகுப்பை மாணவர்கள் புறக்கணித்து அவரை வெளியேற்றியதை 1934இல் மேடையேறிப் பாராட்டினார். கணிதத்தில் ஜெர்மன் வழி, யூத வழி என்று இரண்டு உண்டு என்று எழுதினார். 1939இல் ஜெர்மன் படை பிராகாவுக்குள் நுழைந்தபோது லோவ்னர் சிறைப்பட்டார். எப்படியோ குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஊகம் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. 1955இல் நான்காம் கெழு, 1968இலும் 1969இலும் ஆறாவது, 1972இல் ஐந்தாவது என்று ஒவ்வொன்றாகத்தான் நகர்ந்தது. 1984இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் லூயி டி பிராஞ்ச் எல்லாக் கெழுக்களுக்கும் சேர்த்து நிரூபித்தார். முதலில் பலர் நம்பவில்லை. லெனின்கிராடில் அவர் போய் விளக்க, அங்கே உள்ள கணிதவியலாளர்கள் வரி வரியாகச் சரிபார்த்துச் சரி என்றார்கள். அந்த நிரூபணத்தின் முதுகெலும்பு லோவ்னரின் 1923 சமன்பாடு. பீபர்பாக்கின் பெயர் தாங்கிய ஊகத்தைத் தீர்த்து வைத்த கருவி, அவர் விரட்ட நினைத்த ஓர் இனத்தைச் சேர்ந்தவருடையது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் பீபர்பாக் ஊகத்தைவிட நோஷிரோவின் தேற்றத்தைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். அது வெறும் பிரியத்தால் மட்டும் வந்த தீர்ப்பு இல்லை. பீபர்பாக்கின் முடிவு தேவையான நிபந்தனை. சார்பு ஒன்றுக்கொன்றானது என்று ஏற்கெனவே தெரிந்தால் கெழுக்களைப் பற்றி அது சொல்லும். ஒரு சார்பைக் கையில் கொடுத்து இது ஒன்றுக்கொன்றானதா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல மட்டும்தான் அதனால் முடியும். ஆம் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. நாம் பார்த்த 5/8 கெழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐவிட எவ்வளவோ சின்னது. பீபர்பாக் அதைத் தடுக்கவில்லை. ஆனால் -0.7-உம் -0.9-உம் மோதிவிட்டன. ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டியவருக்குப் போதுமான நிபந்தனைதான் கையில் வேண்டும்.

தேவையான நிபந்தனைக்கும் போதுமான நிபந்தனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைச் சீவ் நெஹாரி காட்டினார். பெர்லினில் பிறந்து ஜெருசலேமில் படித்தவர். சார்பின் முதல் மூன்று வகைக்கெழுக்களை வைத்து ஸ்வார்சியன் என்று ஓர் அளவு கட்டுவார்கள். விளிம்பை நெருங்க நெருங்க அது பெரிதாக வளரலாம் என்பதால், விளிம்புக்கு உள்ள நெருக்கத்தைக் கணக்கில் கொண்டு அதைச் சீர்செய்துகொள்வார்கள். அப்படிச் சீர்செய்த அளவு வட்டு முழுவதும் 2-க்குள் இருந்தால் சார்பு ஒன்றுக்கொன்றானது என்று நெஹாரி 1949இல் நிரூபித்தார். ஒன்றுக்கொன்றான எந்தச் சார்புக்கும் அந்த அளவு 6-ஐத் தாண்டாது என்பதும் உண்மை. அதை அவருக்கு முன்பே 1932இல் கிராவுஸ் என்பவர் கீசன் நகரத்துச் சிறு வெளியீடு ஒன்றில் எழுதியிருந்தார், கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 2-க்குக் கீழே இருந்தால் ஆம். 6-க்கு மேலே போனால் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் இந்த அளவுகோலால் எதுவும் சொல்ல முடியாது. 2-ஐக் கொஞ்சம் கூட்டலாமா என்று பார்த்தார்கள். முடியாது என்று ஐனார் ஹில் அதே 1949இல் காட்டிவிட்டார். உண்மையில் அந்த இடைவெளி அங்கே இருக்கிறது.

மறுபடியும் அந்தக் கோட்டுக்கே வருகிறேன். பகுதி குவிந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மாணவர்கள் ஏதோ சம்பிரதாயம் போலக் கடந்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். தளத்தில் மெய்யச்சின் இடப் பாதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியுள்ள பகுதியில் ஒவ்வோர் எண்ணையும் 1.25 அடுக்குக்கு உயர்த்துங்கள். கோணங்கள் கால் பங்கு பெருகும். வகைக்கெழுவின் கோணம் எங்கும் 45 பாகைக்குள்தான் நிற்கும். ஆகவே அதன் மெய்ப்பகுதி எங்கும் மிகை, குறை சொல்ல இடமில்லை. இப்போது அலகு வட்டத்தின் மேல் 144 பாகையில் ஒரு புள்ளி, கீழே -144 பாகையில் ஒரு புள்ளி. முதலாவது 180 பாகைக்குப் போகிறது. இரண்டாவது -180 பாகைக்கு. இரண்டும் ஒரே இடம், -1. மோதிவிட்டன. அந்த இரண்டு புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கோடு நாம் வெட்டி எடுத்த இடத்தின் வழியாகப் போகிறது. நடுவில் பாதை இல்லை. அதனால்தான் தேற்றம் கைவிட்டுவிட்டது. இந்த எடுத்துக்காட்டை நான் கண்டுபிடித்துக்கொண்ட மாலை எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன் என்று இப்போதும் நினைவிருக்கிறது. வேறு பலருக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கு அது என் கையால் கிடைத்தது.

நான் படித்த காலத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒரு விஷயம் உண்டு. இந்தக் கணிதம் எங்கோ ஐரோப்பாவில் நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூடாயிலேயே அதன் ஒரு கிளை வளர்ந்துகொண்டிருந்தது. துளை இல்லாத எந்தப் பகுதியையும், அது தளம் முழுவதுமாக இல்லாதவரை, ஒன்றுக்கொன்றான பகுமுறைச் சார்பால் அலகு வட்டாக மாற்றலாம் என்பது 1851இல் ரீமான் தன் ஆய்வேட்டில் சொன்னது. மாற்றலாம் என்றால், எப்படிக் கணக்கிடுவது? 1978இல் கெர்ஸ்மானும் ஸ்டைனும் பகுதியின் எல்லைக் கோட்டின் மேல் மட்டும் ஒரு தொகையீட்டுச் சமன்பாடு எழுதி வழி காட்டினார்கள். அந்த வழியை அலி ஹசான் முகமட் முரிட், முகமட் ரஷிடி ரசாலி, அமெரிக்காவில் இருந்த சுஹைர் நாஷெட் ஆகியோர் 1990களில் ஸ்கூடாயிலிருந்து விரித்தார்கள். பிறகு முகமட் நாசர் வந்தார். ஜெர்மனியின் ருடால்ஃப் வெக்மனோடு சேர்ந்து முரிட்டும் நாசரும் 2005இல் வெளியிட்ட ரீமான்–ஹில்பர்ட் சிக்கல் பற்றிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பின் துளைகள் பல உள்ள பகுதிகளுக்கும் வேலை தொடர்ந்தது. திரவ ஓட்டம், வெப்பம், மின்புலம் என்று வளைந்து நெளிந்த இடங்களில் கணக்குப் போட வேண்டியவர்களுக்கு, சிக்கலான வடிவத்தை வட்டமாக்கிக் கொடுக்கும் வேலை இது.

ஒன்றுக்கொன்றாக இருப்பது அங்கே உயிர்நாடி. இரண்டு புள்ளி ஒன்றாகிவிட்டால் எந்தப் புள்ளியின் வெப்பநிலை எது என்று திரும்ப எடுக்க முடியாது. ஆனால் கணினி கணக்கிட்டுத் தருவது எல்லைக் கோட்டின் மேல் உள்ள புள்ளிகளை மட்டுமே. உள்ளே இருப்பதை எப்படி நம்புவது? இங்கே டார்பூவின் தேற்றம் கைகொடுக்கிறது. வட்டின் விளிம்பில் சார்பு ஒன்றுக்கொன்றாக இருந்தால் உள்ளேயும் ஒன்றுக்கொன்றாகவே இருக்கும். காரணம் இதுதான்: ஒரு மதிப்பை உள்ளே எத்தனை புள்ளிகள் அடைகின்றன என்பதும், விளிம்பின் பிம்பம் அந்த மதிப்பைச் சுற்றி எத்தனை முறை வளைகிறது என்பதும் ஒரே எண். தன்னைத் தானே வெட்டாத மூடிய வளைவு உள்ளே இருக்கும் எதையும் ஒரே முறைதான் சுற்றும். ஆகவே கணிப்பவர் பார்க்க வேண்டியது, பகுதியின் விளிம்பில் போகப் போக, வட்டத்தின் மேல் உள்ள பிம்பப் புள்ளியின் கோணம் ஏறிக்கொண்டே போகிறதா, ஒரு முழுச் சுற்றில் சரியாக 360 பாகை ஏறி நிற்கிறதா என்பதைத்தான். ஏறியது எங்காவது இறங்கினால் கணக்கில் பிசகு. என்னைக் கேட்டால் நோஷிரோவுக்கு அடுத்தபடி அழகான நிபந்தனை இதுதான். அங்கே நடுவில் உள்ள கோட்டைப் பார்த்தோம், இங்கே சுற்றியுள்ள எல்லையைப் பார்க்கிறோம்.

வடக்கே பினாங்கிலும் இதே துறை செழித்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ரோசிஹான் அலியும், தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்து அங்கே வந்த வி. ரவிச்சந்திரனும் சேர்ந்து 2000களில் நிறைய எழுதினார்கள். ரவிச்சந்திரன் பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம் போய், திருச்சி என்.ஐ.டி.க்கு வந்தார். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கே. ஜி. சுப்பிரமணியனும் பினாங்கில் இருந்தார். வேலூர் வி.ஐ.டி.யில் முருகுசுந்தரமூர்த்தி, சென்னை ஐ.ஐ.டி.யில் பொன்னுசாமி. பொன்னுசாமியின் ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்’ நூல் வழியாக இந்தக் கணிதத்துக்குள் வந்த மாணவர்கள் இந்தியாவிலும் இங்கேயும் உண்டு. ஒன்றுக்கொன்றான சார்புகள் பற்றிய கட்டுரைகளைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்களில் பலரின் வேலை நோஷிரோவின் நிபந்தனையைத் திருகிப் பார்ப்பதுதான்: வகைக்கெழுவோடு இரண்டாம் வகைக்கெழுவையும் சேர்த்தால் என்ன, மெய்ப்பகுதியின் எல்லையைச் சற்றுத் தளர்த்தினால் என்ன, பிம்பம் நட்சத்திர வடிவமாகவே இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன. பாட்டியாலாவின் ராம் சிங்கும் சுந்தர் சிங்கும் 1980களின் தொடக்கத்தில் அப்படி ஓர் அழகான முடிவைத் தந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெருமையும் வந்தது, ஆதங்கமும் வந்தது. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு என்றால் ஒரு நாளைக்குச் சம்பளம் எவ்வளவு, பால் எத்தனை கிலோ என்ற கணக்கு. அதிலிருந்து கிளம்பிப் போனவர்களுக்குக் கணிதத்தில் படிப்பு என்றால் ஆசிரியர் வேலை, இல்லையென்றால் கணக்காயர். இன்னும் அறியப்படாத உண்மைகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுவதே ஒரு தொழில், அது ஸ்கூடாயில் பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் நடக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வகுப்பில் படித்த இரண்டு மூன்று பேர், என்னைவிடக் கூர்மையானவர்கள், வேறு இடத்தில் இருந்திருப்பார்கள்.

ஜொகூரில் ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த நிரூபணத்துக்குத் தேவைப்படுவது கலப்பெண், வகைக்கெழு, தொகையீடு ஆகிய மூன்றுதான். மூன்றுமே எஸ்.டி.பி.எம். பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். முதலில் 5/8 கெழு உள்ள சார்பைக் கொடுத்து -0.7-ஐயும் -0.9-ஐயும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கெழுவைப் பாதியாக்கி, இனி மோதவே மோதாது என்று எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பிள்ளைகள் கொஞ்சம் திணறட்டும். அதன் பின் இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுங்கள். பலகையின் ஓரத்தில் வோல்ஃப், நோஷிரோ, வார்ஷாவ்ஸ்கி என்று மூன்று பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கூடாய், பினாங்கு என்றும் எழுதுங்கள்.